முட்டு எடுத்த தேதி

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முதல் வரியிலேயே கேட்கச் சொல்லி அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். கேட்டுவிட்டேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் மெயிலில் எழுதுகிறேன்.

எங்கள் கட்டுமான மேலாண்மை வகுப்புக்குப் புது லேப் வந்திருக்கிறது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. தலையில் மாட்டிக்கொண்டால் கட்டடத்துக்குள் நடக்கிற மாதிரியே காட்டும் கண்ணாடிகள் ஆறு. எந்த வேலை எந்த நாள் என்று கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், நாள் நாளாகக் கட்டடம் எழும்பி நிற்கிறது. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே வாரத்தில் ஆளுக்கொரு பத்து மாடி கட்டிவிட்டார்கள். எல்லாம் குறித்த நாளில் முடிந்துவிட்டது. அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தக் கட்டடத்தில் யாரும் லீவு போடுவதில்லை, எந்த லாரியும் வழியில் நிற்பதில்லை. இதை நம்பி வேலைக்குப் போனால் முதல் நாளே மூக்குடைபட்டுத் திரும்புவார்கள்.

நீ அங்கே ஒன்பது மாடி மருத்துவமனைக்கு வேலைத் திட்டம் போடுகிற இன்ஜினியர். உன் சைட்டின் வரைபடமும் வேலை அட்டவணையும் வேண்டும். வாரம் ஒருமுறை, சுற்றிலும் படம் பிடிக்கும் கேமராவில் எடுத்த படங்களும் கிடைத்தால் நிஜக் கட்டடத்தை வைத்தே பாடம் நடத்துவேன். ஜூனில் ஆறு பேரை ஒரு மாதம் உன்னிடம் பயிற்சிக்கு அனுப்பவும் ஆசை. முடியாது என்றால் முடியாது என்று எழுது. இழுத்தடிக்காதே.

உன் தம்பி

ஜனவரி 25

அன்புத் தம்பிக்கு,

முதுகுவலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. துணைக்கு முழங்காலும் சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டாவது செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

எங்கள் புராஜெக்ட் மேனேஜரை இங்கே எல்லோரும் ‘பெரியவர்’ என்போம். வயதுக்காக இல்லை, குரலுக்காக. அவரிடம் கேட்டேன். கல்லூரிப் பலகையில் கம்பெனி பேர் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டேன், எழுதி மாட்டிவிடு. இரண்டு சனிக்கிழமைகளாக ஹெல்மெட்டில் கேமராவை வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே நடக்கிறேன். கம்பி கட்டுகிறவர்கள் சிரிக்கிறார்கள். பலகை அடிக்கும் சென்ட்ரிங் மேஸ்திரி மட்டும் தலை சீவிக்கொண்டு வந்து படத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்கிறார்.

முதல் தளத்துக்கு இப்போதுதான் பலகை அடிக்கிறார்கள். உன் பிள்ளைகளின் கம்ப்யூட்டரில் முதலில் மழையைச் சேர். பிறகு வராத ஆள், வந்தும் வேலை செய்யாத ஆள், நாளைக்கு நாளைக்கு என்று ஒரு மாதம் சொல்லும் கம்பி வியாபாரி.

ஆறு பேரையும் அனுப்பு. நல்ல கெட்டியான ஷூ போட்டு வரட்டும். சைட்டில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்காமல் ஓடி வந்தவன் சைட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறான் என்று நான் சிரிக்கிறேன். கடிதத்தில் சிரிப்புச் சத்தம் கேட்காது. உனக்கு அதுவும் வசதிதான்.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயிலைத் தவிர வேறு நோய் இல்லை. அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாள்.

மழையைச் சேர்த்தேன். இப்போது தினமும் காலையில் ஒருவர் மேனேஜர். உன் கட்டடம் திரையில் நிற்கும். கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு வில்லங்கத்தை எடுத்துப் போடும்: கான்கிரீட் பம்ப் அடைத்துக்கொண்டது, காற்று பலமாக அடிப்பதால் கிரேனை நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் ஆட்களை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இரண்டு பேர் அழுதுவிட்டார்கள். ஒருவன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சார், நான் வேற கோர்ஸ் பாத்துக்கறேன்” என்றான். மறுநாள் அவனே முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான்.

எறும்பு என்று ஒரு பெண். எதைப் பார்த்தாலும் எண்ணுவாள், அதனால் அந்தப் பெயர். உன் படங்களில் மூன்றாம் தளத்துக்குக் கீழே நிற்கும் முட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டாள். “கான்கிரீட் போட்டு எத்தனை நாள் கழிச்சு சார் இதை எடுக்கணும்?” என்றாள். உன் அட்டவணைப்படி பதினான்கு நாள் என்றேன். அதுவரை மேலே இருக்கும் பாரத்தைத் தாங்குவது கான்கிரீட் இல்லை, இந்த இரும்புக் கம்பங்கள்தான் என்றும் சொன்னேன். நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

ஆறு பேரில் அவளும் உண்டு. முதல்வர் கையெழுத்துப் போட்டாயிற்று. ஜூன் முதல் வாரம் கிளம்புகிறார்கள்.

உன் தம்பி

மே 10

தம்பிக்கு,

நலம். நேற்று வரைக்கும் எடுத்த படங்களை ஏற்றிவிட்டேன்.

பயிற்சிக்குப் பிள்ளைகளை இப்போது அனுப்ப வேண்டாம். அடுத்த வருடம் பார்க்கலாம். வேலை நெருக்கடி. திறப்பு விழாத் தேதி குறித்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தளம் என்று ஏறுகிறது. யாரையும் கவனிக்க எனக்கு நேரம் இருக்காது.

அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

அக்கா

மே 13

அக்காவுக்கு,

அம்மா மாத்திரை போடுகிறாள். நலம்.

மூன்று வரியில் முடித்துவிட்டாய். ஆறு வீட்டில் பெட்டி வாங்கியாயிற்று. முதல்வரிடம் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? அனுப்பு என்றதும் நீதான், வேண்டாம் என்பதும் நீதான். நடுவில் என்ன நடந்தது என்று சொல்வதற்குக்கூட நான் தகுதியில்லாதவனா? நெருக்கடி என்கிறாய். நெருக்கடியைப் பார்க்கத்தானே அவர்களை அனுப்புகிறேன்.

ஓடி வந்தவன் என்று நான்கு வருடமாக உறவுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாய். நானும் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். என் பிள்ளைகளும் என்னைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டாயா?

காரணம் எழுது.

தம்பி

மே 26

அக்காவுக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதின்மூன்று நாளாகப் பதில் இல்லை, ஆனால் சனிக்கிழமை படங்கள் மட்டும் தவறாமல் வருகின்றன. போன கடிதத்தில் கடுமையாக எழுதிவிட்டேன். அதை விடு. இது வேறு.

நேற்று எறும்பு வகுப்பு முடிந்தும் போகவில்லை. உன் படங்களைத் தேதிவாரியாகத் திரையில் கட்டடத்தின் மேல் பொருத்தி வைத்திருந்தாள். நாலாம் தளத்துக்குக் கான்கிரீட் போட்டது மே 4. மே 9 படத்தில் அதன் கீழே ஒரு முட்டுகூட இல்லை. ஐந்தே நாள். அதே முட்டுகள் மேலே ஐந்தாம் தளத்துக்கு நிற்கின்றன. துருப்பிடித்த ஒரு கம்பத்தை அடையாளம் வைத்துக் காட்டினாள். ஐந்தாம் தளம் போட்டது மே 18. போன சனிக்கிழமை, மே 23, அதன் கீழேயும் காலி.

ஆனால் படங்களோடு நீ அனுப்பிய வேலைப் பதிவுத் தாளில் நாலாம் தளத்து முட்டு எடுத்த தேதி மே 18 என்று இருக்கிறது. பதினான்கு நாள், கணக்குச் சரியாக.

“சார், இது யார் கையெழுத்து?” என்று கேட்டாள்.

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா, அக்கா? கேமராவில் தேதி தப்பாக விழுந்திருக்கும் என்று சொன்னேன். இன்று வகுப்பிலும் அதையே சொன்னேன். முப்பத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். எறும்பு மட்டும் நோட்டை மூடிக்கொண்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. வீட்டுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். தேதி தப்பு என்று ஒரு வரி எழுதிவிடு.

தம்பி

மே 29

அன்புத் தம்பிக்கு,

உடம்பு நலம்தான். மற்றதைச் சொல்கிறேன்.

தேதி தப்பில்லை.

திட்டத்தில் இரண்டு செட் முட்டு என்று நான்தான் போட்டேன். கீழே கான்கிரீட் இறுகும்வரை ஒரு செட், மேலே அடுத்த தளத்துக்கு ஒரு செட். வந்தது ஒன்றுதான். இரண்டாவது வரும் வரும் என்று பார்த்தோம். விழாத் தேதி வந்த அன்று பெரியவர் கீழே இருப்பதை உருவி மேலே போடச் சொன்னார். நான் முடியாது என்றேன். கான்கிரீட்டில் எடுத்த சோதனைக் கட்டியெல்லாம் நல்ல பலம் காட்டுகிறது, ஆட்கள் கை கட்டி நிற்கிறார்கள், உங்களால் எல்லோருக்கும் வேலை நிற்கப் போகிறதா என்று கேட்டார். சாயங்காலம் தாளில் மே 18 என்று அவர் எழுதி வைத்திருந்தார். கீழே கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் முறை அவர் சொல்லக்கூட இல்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நானே போட்டேன்.

பிள்ளைகளை வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்டாய். அந்தத் தளத்துக்குக் கீழே உன் பிள்ளைகள் ஆறு பேர் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் தினமும் அறுபது பேர் அதன் கீழே நடக்கிறார்கள். அவர்களை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை நான் வேறு படி வழியாக ஏறியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேமராவைப் போட்டுக்கொண்டு வெறும் தூண்களுக்கு நடுவே மெதுவாகத்தான் நடந்தேன். யாராவது பார்த்துக் கேட்டால் தேவலை என்று இருந்தது. கேட்டுவிட்டாள். இப்போது பயமாக இருக்கிறது.

ஆறாம் தளத்துக்கு ஜூன் 4 அன்று கான்கிரீட். யாரிடமும் எதுவும் சொல்லாதே.

அக்கா

மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாகச் சொல்லாதது.

நீ நினைப்பதுபோல் வெயில் தாங்காமல் நான் சைட்டை விட்டு வரவில்லை. குழாய் பதிக்க ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம் தோண்டினார்கள். பக்கவாட்டில் பலகை கொடுக்கவில்லை. கொடுத்ததாகத் தாளில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. அதோடு நின்றிருந்தால் நான் நல்லவன். எழுத மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு மறுநாளிலிருந்து போகவில்லை, அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து மண் சரிந்தது. சாப்பாட்டு நேரம், உள்ளே ஒருவரும் இல்லை. என்னோடு அறையில் இருந்தவர் போனில் சொன்னார். அவரிடம் அப்படியா என்று மட்டும் கேட்டேன். நீ ஓடி வந்தவன் என்று சிரித்தபோதெல்லாம் காரணம் தப்பு, விஷயம் சரி என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன்.

அதனால் வேலையை விட்டுவிடு என்று நான் எழுதமாட்டேன். நீ போய்விட்டால் அந்தத் தாளில் வேறு ஒருவர் கையெழுத்துப் போடுவார்.

நேற்று வகுப்பில் ஒரு கணக்குக் கொடுத்தேன். ஒரு சைட், ஒரே செட் முட்டு, இரண்டு தளம் அவசரப்பட்டு முட்டு எடுத்தாயிற்று. ஆபத்தில்லாமல், தேதி அதிகம் தள்ளாமல் எப்படி மீட்பது? யார் சைட் என்று எவரும் கேட்கவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்தார்கள். பதினாறு வழி போட்டுப் பார்த்தார்கள். முட்டு இன்னும் எத்தனை வேண்டும் என்று எறும்பு ஒவ்வொரு தூணாக எண்ணிப் போட்டாள். கீழிருந்து இரண்டு தளத்துக்கும் திரும்ப முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகும் நாட்களில் சென்ட்ரிங் ஆட்களைக் கீழ் மாடிச் சுவர் வேலைக்கு மாற்றினால், மொத்தத்தில் ஆறே நாள்தான் தள்ளுகிறது. நாள்வாரியாக எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

இதை எடுத்துக்கொண்டு போ. ஜூன் 4க்கு முன்னால் போ.

உன் தம்பி

ஜூன் 13

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் ஒரு விரலால் தட்டுகிறேன், தப்பு இருந்தால் சேர்த்துப் படித்துக்கொள். எனக்குச் சுகம்தான்.

உன் போன் பத்து நாளாக அடிக்கவே இல்லை. உன் தம்பி சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துபோகிறான். காலையில் பேப்பர் வந்ததும் பிடுங்கிக்கொண்டு கடைசிப் பக்கம்வரை தேடுகிறான். என்னடா தேடுகிறாய் என்றால் வேலை விளம்பரம் என்கிறான். வேலையில் இருக்கிறவனுக்கு எதற்கு வேலை விளம்பரம்? இரண்டு பேரும் சேர்ந்து எதையோ என்னிடம் மறைக்கிறீர்கள். சின்ன வயதிலும் இப்படித்தான், சண்டை போட்டால் சத்தம் வரும், தப்பு செய்தால் வீடே அமைதியாகிவிடும்.

என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போடு.

அம்மா

ஜூன் 21

அன்புள்ள அம்மாவுக்கும் தம்பிக்கும்,

இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். கம்பெனி கொடுத்த போனையும் கம்ப்யூட்டரையும் ஜூன் 4 அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதைக் காரணமாகச் சொல்லமாட்டேன். கட்டடத்தின் சோதனை முடிவு தெரியாமல் உங்களிடம் பேச எனக்குத் தைரியம் இல்லை. மன்னியுங்கள். தம்பி, இதை அம்மாவுக்கு முழுதாகப் படித்துக் காட்டு.

ஜூன் 3 அன்று மத்தியானம் பிள்ளைகளின் திட்டத்தை அச்செடுத்துப் பெரியவரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்தார். முழுக்கப் பார்த்தார், அதைச் சொல்ல வேண்டும். யார் போட்டது என்று கேட்டார். பாலிடெக்னிக் பிள்ளைகள் என்றதும் சிரித்துவிட்டார்.

“பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல கட்டட்டும். நாம இங்க கட்டலாம். காலையில கான்கிரீட். கான்கிரீட் போடலாம்னு தாள்ல கையெழுத்துப் போட்டு வச்சிட்டுப் போங்க.”

“போட மாட்டேன் சார்.”

“ரெண்டு தடவை போட்டீங்களே?”

அதற்கு நான் பதில் தயாரித்துக்கொண்டு போகவில்லை. “போட்டேன். அதையும் சேத்துத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன்” என்று வாயில் வந்தது.

எழுந்து வெளியே வந்தேன். மருத்துவமனைத் தரப்பில் மேற்பார்வை பார்க்கும் இன்ஜினியரின் அறை கேட்டுக்குப் பக்கத்தில். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். படங்கள், தாள்கள், இரண்டு தேதிகள், என் கையெழுத்து, பிள்ளைகளின் திட்டம், எல்லாம் வைத்தேன். அவர் படித்துவிட்டு, “இதுல உங்க பேரும் இருக்கே, தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றேன்.

மறுநாள் காலை லாரிகள் வரிசையாக நின்றன. பம்ப் குழாய் மேலே ஏறிவிட்டது. மேற்பார்வை இன்ஜினியர் டார்ச்சோடு ஐந்தாம் தளத்துக்குக் கீழே போனார். மூலைத் தூணை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அதன் கீழ் தளத்திலும் ஒன்று, மெல்லிசாக. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார். மேஸ்திரி என்னைப் பார்க்கவில்லை, பெரியவரையும் பார்க்கவில்லை. “அஞ்சாவது நாள் எடுக்கச் சொன்னாங்க. எடுத்தோம்” என்றார். லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களை எல்லாம் வெளியே வரச் சொன்னார்கள். அவர்கள் கேட்டுக்கு வெளியே கூடி நின்று, என்னால் வேலை போச்சு என்று என் காது படவே பேசினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சோதனை எல்லாம் முடிந்து நேற்று சொன்னார்கள். ஆறாம் தளத்தின் பாரமும் ஏறியிருந்தால் தாங்கியிருக்காதாம். இரண்டு தளத்துக்கும் முட்டுக் கொடுத்து, வெடிப்பைச் சரிசெய்கிறார்கள். எறும்பின் திட்டப்படிதான் வேலை நடக்கிறது. தாளின் மேலே, என் இடத்துக்குப் புதிதாக வந்தவர் பெயர் போட்டிருக்கிறது.

எதுவும் விழவில்லை. அதனால் பேப்பரில் வராது, தம்பி. தேடாதே. விசாரணை முடியும்வரை நான் வீட்டில் இருக்க வேண்டும். பெரியவர், எடுக்கச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை என்கிறார். தாளில் இருப்பது என் கையெழுத்து மட்டும்தான்.

உன் பள்ளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றிலிருந்து ‘ஓடி வந்தவன்’ என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன்.

அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவும் நானும் நலம். அம்மா உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு மறுநாள் உன் அறையைக் கழுவிவிட்டாள்.

விடுமுறை முடிந்து வகுப்பு திறந்ததும் முதல் வேலையாக, படத்தின் தேதி சரிதான், பொய் சொன்னது நான்தான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். கட்டடம் நிக்குதா சார் என்று ஒருவன் கேட்டான். நிக்குது என்றேன்.

பிறகு கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றைச் சேர்த்தேன். மழை, காற்று, பம்ப் அடைப்பு மாதிரி இதுவும் திடீரென்று வரும். கண்ணாடியை மாட்டியவரின் முன்னால் ஒரு தாள் நீட்டப்படும். பின்னாலிருந்து ஒரு குரல், நாற்பது பேர் கை கட்டி நிற்கிறார்கள், போட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லும். குரலுக்கு ஆள் கிடைக்கவில்லை, நானே பேசிப் பதிந்தேன்.

முப்பத்திரண்டு பேர். எல்லாக் கதையும் தெரிந்தவர்கள். இருபத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

எறும்பும் போட்டாள். போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நானாகப் போய்க் கழற்றினேன். “நாப்பது பேர் நிக்கிறாங்கன்னு சொன்னீங்களே சார். என்னாலதான் நிக்கிறாங்கன்னு தோணிடுச்சு” என்றாள். அதிலிருந்து மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை.

மூன்றாவது தடவை உங்கள் அக்கா எப்படிப் போடாமல் இருந்தார் என்று மற்றவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். போடாமல் நின்று பழக்கமில்லாதவனிடம் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ வந்து சொல்வாயா? கட்டாயம் இல்லை.

உன் தம்பி

ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

நலம். முழங்கால்கூடக் கொஞ்சம் தேவலை.

விசாரணை முடிந்துவிட்டது. கம்பெனி என்னை வேலையிலிருந்து விடுவித்துவிட்டது. விசாரணைக் குழுவின் முடிவுப்படி ஒரு வருடத்துக்கு எந்த சைட்டிலும், எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போடக் கூடாதாம். பெரியவரை வேறு ஊர் சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். உன் பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது அவரையும் எங்காவது சந்திப்பார்கள். நல்ல வேலைக்காரர்தான், அதையும் அவர்களிடம் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமை வகுப்புக்கு வருகிறேன். மேடையெல்லாம் வேண்டாம். எப்படிப் போடாமல் இருந்தேன் என்று எனக்கும் தெளிவாகத் தெரியாது. எப்படிப் போட்டேன் என்று தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு இன்றே போய்வா. திட்டாதே, தேற்றவும் வேண்டாம். திங்கட்கிழமை இன்னொரு தடவை அந்தத் தாளை நீட்டப் போகிறோம், அக்கா பக்கத்து நாற்காலியில் இருப்பார் என்று மட்டும் சொல்.

அக்கா